லாடத்துக்குக் கையெழுத்துப் போட்டவன்

மகனே, சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவன் சௌக்கியமாகத்தான் இருப்பான். ஆகையால் அந்த விசாரிப்பை விட்டுவிட்டு நேரே என் மானக்கேட்டுக்கு வருகிறேன். உன் அப்பனுக்கு இந்த ஊரில் ஒரு காலத்தில் 'லாடம்' என்று பெயர். சிரிக்காதே. மாட்டுக் குளம்பில் ஆணி வைத்து அடிக்கிறார்களே, அதே லாடம்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் டீக்கடை பெஞ்சிலிருந்து எவனாவது 'ணங், ணங்' என்று வாயாலேயே ஆணி அடிப்பான். நான் காதில் விழாதவன் மாதிரி வானத்தில் பருந்து பார்த்துக்கொண்டு நடப்பேன். உனக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். நீ அறிந்தவரை லாடம் என்பது பழைய தபால்காரர் சிங்காரத்தின் பெயர். ஆறு வயதில் நீயே அவர் பின்னால் "லாடம், லாடம்" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாய். நான் வாசலில் நின்று, பிள்ளைக்கு என்ன குரல் வளம் என்று பூரித்துப்போயிருக்கிறேன். அந்தப் பெயர் என் தோளிலிருந்து இறங்கி அந்த மனிதன் தோளில் எப்படி ஏறியது என்பதை இப்போது நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும். தபாலில் தொலைந்ததற்கும் திருடுபோனதற்கும் நஷ்ட ஈடு கேட்டு வருகிற மனுக்களைப் படிக்கிற பிரிவில் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உலகத்தில் எத்தனையோ பிரிவு இருக்க, ஆண்டவன் உன்னை அங்கேயா கொண்டுபோய் வைக்க வேண்டும்?

என் தொழில் உனக்குத் தெரியும். ஊரார் அழுகையை வாங்கி, அதற்கு இலக்கணம் போட்டு, மேலே 'கனம் பொருந்திய' என்று எழுதிக் கொடுப்பவன் நான். சமஸ்தானம் இருந்தவரை மகாராஜா சமூகத்துக்கு எழுதினேன். அது கலைந்து திருச்சி ஜில்லாவோடு நாம் சேர்ந்ததும் அதே அழுகையைக் கலெக்டருக்குத் திருப்பிவிட்டேன். விலாசம் மாறியதே தவிர கண்ணீர் மாறவில்லை. என் பேனா அழவைக்கும், சிரிக்கவைக்கும். உண்மை சொல்ல மட்டும் அதற்குப் பழக்கம் கிடையாது. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சமஸ்தானம் சேர்ந்த மறு வருஷம் உன் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாலிக்குப் பொன் மாப்பிள்ளை வீடு போட வேண்டும். கோயமுத்தூரில் மில்லில் இருந்த உன் பெரியப்பா, தம்பி கல்யாணத்துக்குத் தன் செலவு என்று மூன்று பவுனை இன்ஷூர் தபாலில் அனுப்பினார். இன்ஷூர் என்றால் என்ன என்று உனக்கே பாடம் சொல்ல வருகிறேன் பார். துணியில் தைத்து, தையலின் மேல் ஐந்து இடத்தில் அரக்கு முத்திரை வைத்து, உள்ளே இருப்பதன் மதிப்பை வெளியே எழுதி, அதற்குத் தனிக் கட்டணம் கட்டி அனுப்புவது. வழியில் போனால் சர்க்கார் அந்த மதிப்பைக் கொடுக்கும். ஆனால் வாங்குகிறவன் கையெழுத்துப் போடுமுன் முத்திரையைப் பார்க்க வேண்டும், தையலைப் பார்க்க வேண்டும், குறை தெரிந்தால் அங்கேயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாக வந்தது என்று பொருள். அதற்குப் பிறகு உள்ளே பாம்பு இருந்தாலும் அது உன் பாம்பு.

இங்கேதான் நம் வீட்டு வழக்கம் குறுக்கே வந்து நின்றது. அரிசி தீர்ந்தால் 'தீர்ந்தது' என்று சொல்லாமல் 'நிறைந்துவிட்டது' என்று சொல்கிற ஜாதி நாம். தாலிப் பொன் என்றால் இன்னும் மோசம். அது கைமாறும் நேரத்தில் 'இல்லை', 'குறைகிறது', 'உடைந்திருக்கிறது' என்று எந்தக் கெட்ட சொல்லும் வாயில் வரக் கூடாது. வந்தால் அந்தச் சொல் தாலியில் ஏறிவிடுமாம். இந்தச் சட்டத்துக்கு நம் வீட்டில் அதிகாரி உன் அத்தை. நாத்தனார் முடிச்சுப் போடப் போகிறவள் என்ற மிதப்பில் இருந்தாள். பொன் வாங்கப் போகும்போது கூடவே வந்தாள். வழி நெடுக, "வாயை மூடிக்கிட்டு வாங்கணும், தெரியுதா? ஒன் நாக்கு சும்மா கெடக்காது, எனக்குத் தெரியும்" என்று எச்சரித்துக்கொண்டே வந்தாள். என் நாக்கைப் பற்றி அவள் சொன்னது எப்போதுமே சரி.

வியாழக்கிழமை, பகல் ஒரு மணி. நம் ஊர்த் தபாலாபீசில் இரண்டே பேர். போஸ்ட்மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். சிங்காரம் மட்டும் இருந்தார். ஐந்தடிக்குக் குறைவான ஆள். பேசினால் பக்கத்தில் குனிந்துதான் கேட்க வேண்டும். தபால் பையைத் தோளில் மாட்டினால் பை நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

"இன்ஷூர் தபாலு போஸ்ட்மாஸ்டர் ஐயாதான் குடுக்கணும்ணே. செத்த இருங்க, வந்துருவாக. நான் குடுத்தா என் வேலைக்கு வேட்டு" என்றார்.

"ஒண்ணரைக்கு ராகுகாலம் பொறந்துரும்ப்பா. அதுக்குள்ள வீட்டுக்குப் போயி சாமி முன்னாடி வைக்கணும்."

"ஏண்டா சிங்காரம்" என்று உன் அத்தை ஆரம்பித்தாள், "தாலிப் பொன்னை ராகுகாலத்துல வாங்கச் சொல்றியா? ஒன் கூடப்பொறந்தவளுக்குன்னா இப்படிச் சொல்லுவியா? குடுடா. ஒனக்கு ஒரு பொங்கச்சோறு குடுக்காத வீடா?"

அவர் என்னைப் பார்த்தார். "குடுப்பா, நான் இருக்கேன்ல" என்றேன். இந்த 'நான் இருக்கேன்ல' என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள். அலமாரியைத் திறந்து எடுத்துவந்து, பலகைமேல் வைத்து, "அண்ணே, அரக்கு, தையலு எல்லாம் நல்லாப் பாத்துக்கங்க. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். விதியில் உள்ளதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். நானும் பார்த்தேன். ஐந்து முத்திரையில் நான்கு ஒரே சிவப்பு. ஐந்தாவது கருஞ்சிவப்பு. நாலிலும் அச்சு இருந்தது. ஐந்தாவதில் எவனோ கட்டைவிரலால் அமுக்கிவிட்ட ரேகை இருந்தது. கண்ணால் பார்த்தேன் மகனே. வாயைத் திறந்தேன். உன் அத்தை என் இடுப்புச் சதையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். "என்னத்தை மொறைச்சுப் பாக்குற? மங்கலப் பொருளைச் சந்தைக் கத்திரிக்கா மாதிரி அமுக்கிப் பாப்பாகளா? வாங்குடா."

"நிறைவா இருக்குப்பா" என்றேன். கையெழுத்தும் போட்டேன், கீழே இரண்டு கோடு இழுத்து, அழகாக.

வீட்டில் சாமி முன்னால் வைத்துப் பிரித்தோம். உள்ளே பழைய பேப்பரில் சுற்றின பாதி தேய்ந்த மாட்டு லாடம் ஒன்று இருந்தது. எடைக்கு எடை ஏறக்குறைய சரியாக வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். கோயமுத்தூருக்கும் நமக்கும் நடுவில் எந்தக் கை, எந்த ரயிலில், எந்த மூட்டைக்குப் பின்னால் அந்த வேலையைச் செய்ததோ இன்றுவரை யாருக்கும் தெரியாது. உன் அத்தை லாடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்போதும் 'போச்சே' என்று சொல்லவில்லை. "நிறைஞ்சிருச்சுடா" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே டீக்கடையில், "என்னண்ணே, பொண்ணுக்கு லாடம் அடிச்சுட்டு மாட்டுக்குத் தாலி கட்டப் போறீகளாம்ல?" என்று ஒருவன் கேட்டான். "அதுவும் கையெழுத்துப் போட்டு வாங்குனாரு. நிறைவா இருக்குன்னு சர்ட்டிபிகேட்டு வேற" என்று இன்னொருவன். இருபது வருஷம் இந்த ஊரில் எவன் தடுக்கி விழுந்தாலும் முதலில் சிரித்தவன் நான். ஒவ்வொருவனுக்கும் நான் வைத்த பட்டப்பெயர்தான் அவன் சாகும்வரை. எல்லாரும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். மனு எழுதவந்தவன்கூட என் முன்னால் உட்கார்ந்து, "இதுலயும் பாத்துட்டுத்தான கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான். நஷ்ட ஈடு கேட்டு ஒரு மனு போட்டோம். பதில் வந்தது: குறை ஏதும் குறிப்பிடாமல் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டபடியால் நஷ்ட ஈடு வழங்குவதற்கில்லை. உன் மேஜையிலிருந்தும் அதே வரிதான் போகும், மாற்றி எழுத அதில் ஒன்றுமில்லை.

கல்யாண வீடு. தாலிப் பொன் போயிற்று. சர்க்கார் கையை விரித்துவிட்டது. ஒரு மனிதன் என்ன செய்வான் சொல். நான் பேனாவை எடுத்தேன். குறை சொல்லாதது என் தவறு என்று இருக்கும்வரை பணம் வராது. குறை சொல்லியும் கேட்காமல் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் வரும். யார் மிரட்டியது? அங்கே இருந்தவர் ஒருவர்தான். 'முத்திரை பழுது என்று பணிவுடன் சுட்டிக்காட்டிய என்னை, மேற்படி தபால்காரர் சிங்காரம் என்பவர், உருவத்தில் கொசுவாயினும் உறுமலில் புலியாகி, போட்டால் போடு, இல்லாவிட்டால் உன் தாலியைக் கோயமுத்தூருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பாய்ந்தார்' என்று எழுதினேன். அந்தக் கொசு, புலி எனக்கே பிடித்துப்போயிற்று. நகல் எடுத்து டீக்கடையில் படித்தேன். ஒரு கடை சிரிப்பும் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிற்று. மாதக்கணக்காக இறங்காத பாரம் அந்த நிமிஷத்தில் இறங்கியது.

விசாரணைக்குத் தபால் இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். தபாலாபீஸ் ஜன்னலில் ஊர் தொங்கியது. மனுவைப் படித்தவர் புலி வந்த இடத்தில் மீசைக்குள் சிரித்துவிட்டார். சிங்காரத்தைப் பார்த்து, "நீதான் உறுமினவனா? எங்கே, ஒரு தடவை உறுமிக் காட்டு பாப்போம்" என்றார். வெளியே சிரிப்புத் தாங்கவில்லை.

"இல்லீங்க... அண்ணன்தான் நிறைவா இருக்குன்னாக..."

"சத்தமாச் சொல்லுப்பா. அவருகிட்ட மட்டுந்தான் சத்தம் வருமா?"

இன்னொரு சிரிப்பு.

"அது கெடக்கட்டும். போஸ்ட்மாஸ்டர் இல்லாதப்ப இன்ஷூர் தபாலை எடுத்துக் குடுக்க ஒனக்கு அதிகாரம் யாரு குடுத்தது?"

சிங்காரம் என்னைப் பார்த்தார். நான் மேலே உத்தரத்தில் ஓடிய பல்லியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ராகுகாலம் வருதுன்னு..."

"தபாலாபீசுக்கு ஏதுடா ராகுகாலம்?"

இப்படியாகப் புலி அகப்பட்டுக்கொண்டது. போஸ்ட்மாஸ்டர் தான் நேரத்துக்கு இடத்தில் இல்லாத விஷயம் பெரிதாகாமல் இருக்க, "கொஞ்சம் முரட்டு சுபாவம்தாங்க" என்று ஒரு சொல் உதவினார். உன் அத்தையைக் கேட்டார்கள். அவள், "மிரட்டுனாகளோ என்னமோ, நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்" என்றாள். நம் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் பொய் சொல்லாதவள் என்று பெயர். சிங்காரத்துக்கு வேலை போயிற்று. எங்களுக்கு நஷ்ட ஈடு வந்தது. வேலை போன அன்று சாயங்காலம் அவர் கடைத்தெரு வழியாகப் போனபோது யாரோ 'ணங், ணங்' என்றார்கள். நான் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அது எனக்கு இல்லை.

பத்து நாள் கழித்து மனு எழுதுமிடத்துக்கு வந்தார். என் முன்னால் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம்பாதே.

"அண்ணே, வேலை போனாப் போகுது. நான் உறுமுனேன்னு எழுதியிருக்கீகள்ல, அதை மட்டும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பொண்டாட்டி பிரசவத்துக்குப் போனவ. முரட்டுப் பயகிட்ட அனுப்ப மாட்டோம்னு மாமனாரு சொல்லிட்டாரு. அந்த ஒரு வரியைக் கொண்டுபோயிக் காட்டுனாப் போதும்."

"அதுக்கென்ன சிங்காரம், எழுதுறேன்" என்றேன். நாலு பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டேன். "ரிஜிஸ்தர் தபால்லயே அனுப்புறேன். வந்து சேந்தா ஒன் அதிர்ஷ்டம்."

நாலு பேரும் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிங்காரமும் சிரித்தார். சிரிக்காவிட்டால் எழுதித் தரமாட்டேனோ என்று பயந்து சிரித்தார். அது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த நகைச்சுவையை அன்று சாயங்காலம் இன்னும் மூன்று இடத்தில் சொன்னேன். மனைவி திரும்பி வர நாலு வருஷம் ஆயிற்று. பையன் அப்பனைப் பார்த்து, இது யார் என்று கேட்டானாம்.

என் இரக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், விட்டால் அதற்கு வருத்தமாக இருக்கும். பட்டினி கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, நானே ஆள் பிடித்துப் புதுக்கோட்டைச் சந்தையில் அவருக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தேன். மாட்டைச் சாய்த்துப் போட்டுக் காலைக் கட்டிப் பிடிக்கிற வேலை. லாடம் அடிக்கிறவனுக்குத் துணை. சத்தியமாக நான் வேடிக்கைக்காகச் செய்யவில்லை, எனக்குத் தெரிந்த ஆள் அங்கேதான் இருந்தான். ஊர் அதை நான் செய்த மிகப் பெரிய வேடிக்கை என்று கொண்டாடியது. நானும் மறுக்கவில்லை.

போன மாதம் உன் வேலை உத்தரவு வந்த செய்தி கேட்டு அவர் வீட்டுக்கு வந்தார். மாடு உதைத்து இடது முழங்கால் மடங்குவதில்லை. உட்காரச் சொன்னேன். "உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும்ணே, நிக்கிறேன்" என்றார்.

"தம்பிக்குத் தபாலாபீசாமே. நல்லா இருக்கட்டும். இப்படி ஓடியாந்துச்சு என் பின்னாடி, பொடிப்பயலா. கேக்கக் கூடாது, கேக்குறேன். அந்த ஒரு வரி. பழைய காகிதமெல்லாம் இருக்கும்ல அங்கிட்டு. தம்பி கையால சேத்து வச்சாப் போதும். எம்மகனுக்குப் பொண்ணு பாக்குறோம். அப்பன் உறுமித் தாலிப் பொன்னை அடிச்சவன்னு அங்கிட்டுப் போயிச் சொல்லிர்றாங்க."

"தம்பிக்கு எழுதுறேன் சிங்காரம்" என்றேன்.

"ரிஜிஸ்தர்லயா அண்ணே?" என்று கேட்டார். இருபது வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். சிரிக்க அங்கே நாலு பேர் இல்லை.

ஆகவே இதோ எழுதுகிறேன். சிங்காரம் என்னை மிரட்டவில்லை, உறுமவில்லை. முத்திரையைப் பார்த்துச் சொல்லச் சொன்னவர் அவர். பார்த்தும் சொல்லாதவன் நான். போஸ்ட்மாஸ்டர் வரும்வரை பொறுக்கச் சொன்னவர் அவர். பொறுக்காமல் கொடுக்கவைத்தவன் நான். ஒரு வரி கேட்டார், நாலைந்து வரி கொடுத்திருக்கிறேன். அடியில் கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் இதை நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார். மேலதிகாரியிடம் கொண்டுபோய் வைத்தால், பொய் மனு போட்டு நஷ்ட ஈடு வாங்கியவனின் மகன் நஷ்ட ஈட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர் கண்ணில் முதலில் படும். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வைக்காமல் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டால், இன்றுமுதல் அந்த மனுவில் நீயும் கூட்டு. இரண்டில் எது என்று நான் சொல்லமாட்டேன். பாரத்தை அடுத்தவன் தோளில் மாற்றுவதில் உன் அப்பனுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. இந்த முறை தோள் உன்னுடையது. புத்திமதி என்று ஒன்று கேட்டால், உன் மேஜையில் ஒரு மனு உன்னைச் சிரிக்க வைத்தால் உடனே அதைக் கீழே வைத்துவிட்டு, அதில் சிரிக்கப்படுகிறவனை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு விசாரி. அழவைக்கிற மனு அவ்வளவு ஆபத்தில்லை.

இன்னொன்று. கல்யாண வீட்டுக் கஷ்டத்தில் செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். உன் சித்தப்பா கல்யாணம் குறித்த நாளிலேயே, பெரியப்பா கைமாற்று வாங்கிக் கொடுத்த பொன்னில் நடந்துவிட்டது. சிங்காரத்தின் மேல் அந்த மனுவை நான் எழுதிய அன்று நம் வீட்டுக் கூடத்தில் உன் சித்திக்கு வளைகாப்பு. பக்கத்தில் இலையை வைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழச் சோறு தின்ற கையைத் துடைத்துவிட்டுத்தான் 'தாலிப் பொன் இன்றித் திருமணம் நின்றுபோகும் நிலையில்' என்று அதை ஆரம்பித்தேன்.